அடுக்கிய பொருள்கள், அடுக்கிய படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டம்ளர், தட்டு, புத்தகம், நாணயம், மண்பானை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் பொருள்களைப் படமெடுக்க ஆரம்பிப்பவர்கள் கொஞ்ச நாளிலேயே இன்னொரு வேலைக்கும் வந்து சேர்கிறார்கள். ஒரே காட்சியைப் பல படங்களாக எடுத்து, அவற்றை ஒரே படமாகச் சேர்ப்பதுதான் அது. இரண்டையும் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. வெளிச்சம் பற்றிய பதிலை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அடுக்கைப் படமெடுப்பதற்கும் படங்களை அடுக்குவதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு டம்ளரைத் தனியாக எடுத்தால் அதன் உடல் முழுக்கத் தெரியும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்து டம்ளரைச் செருகி நிறுத்தினால் உடல் மறைந்துபோய், விளிம்புகள்தான் வெளியே மிஞ்சும். தட்டானாலும் புத்தகமானாலும் செங்கல்லானாலும் இதுதான் நடக்கிறது. அந்த விளிம்புகளின் வரிசையில் ஒன்று மங்கினால்கூடக் கண் அங்கேயே தடுக்கி நிற்கும். கிட்டே போய் எடுக்கும்போதோ, முன்விளிம்பு கூர்மையாக விழுந்தால் பின்விளிம்பு மங்கிவிடுகிறது. அதனால் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையாக விழுந்த பகுதியை மட்டும் பொறுக்கிச் சேர்க்கிறோம். இதைத்தான் ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்கிறார்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த விளிம்பைக் காப்பாற்றுவது எப்படி என்பதைப் பற்றியவைதான்.

புதிதாகத் தொடங்குபவர் எதை எடுக்கலாம்?

பளபளப்பு இல்லாத எதையாவது எடுங்கள். பழைய பாடப்புத்தகங்கள், மடித்த துண்டுகள், செய்தித்தாள் கட்டு, அகல் விளக்குகள். இவற்றில் அகல் விளக்கைத்தான் நான் முதலில் சொல்வேன். விலை குறைவு, மண்ணின் நிறம் கேமராவை ஏமாற்றாது, கையால் செய்ததாக இருந்தால் இரண்டு விளக்குகளின் வாய் ஒன்றுபோல இருக்காது. எட்டு விளக்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலே திரி வைக்கும் மூக்குகள் எட்டுத் திசையில் திரும்பி நிற்கும். பார்க்க அவ்வளவு இருக்கும். எவர்சில்வருக்கு அதற்குப் பிறகு வாருங்கள். கண்ணாடி வளையல் எல்லாவற்றுக்கும் கடைசி.

நாமே அடுக்கலாமா, இருப்பதை இருந்தபடியே எடுக்க வேண்டுமா?

இரண்டுமே நல்ல வேலைதான், ஆனால் கலக்காதீர்கள். பாத்திரக்கடை வாசலில் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் அண்டாக்கள், கல்யாண மண்டபத்தின் மூலையில் ஏற்றி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், மானாமதுரையில் சுட்டு இறக்கிய பானைகள், மளிகைக்கடையில் முப்பது முப்பதாக நிற்கும் முட்டை டிரேக்கள், இவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் கைப்பழக்கம் இருக்கிறது. எது கீழே, எது மேலே, எது கை எட்டும் உயரத்தில் என்பதை அவர் யோசித்து வைத்திருக்கிறார். அதைக் கலைத்து 'அழகாக' வைத்தால் படத்தில் இருந்த உண்மை போய்விடும். கேட்டுவிட்டு எடுங்கள், தொடாமல் எடுங்கள்.

வீட்டில் நாமே அடுக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அடுக்கு அசையும். துணியும் காகிதமும் தன் எடையிலேயே மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாது, முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் தெரியும். மடித்த துண்டுகளை அடுக்கிவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்து எடுப்பது நல்லது. நாணயம், தட்டு போன்றவற்றுக்கு இடையில், வெளியே தெரியாதபடி ஒரு துளி இரட்டைப்பக்க டேப் வைக்கலாம். ரொம்ப நேராக அடுக்காதீர்கள். சற்றே விலகி நிற்கும் விளிம்புதான் வெளிச்சத்தைப் பிடிக்கும்.

வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும்?

பக்கத்திலிருந்து. கேமரா மேலிருக்கும் ஃபிளாஷை மறந்துவிடுங்கள்.

புத்தகம், துணி, மண்பாண்டம் போன்ற மங்கலான பரப்புகளுக்கு வேலை சுலபம். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அடுக்கை வைத்து, மறுபக்கம் இருட்டாக விட்டால் ஒவ்வொரு விளிம்பின் கீழும் ஒரு மெல்லிய நிழல் விழும். அந்த நிழல்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. நிழல் அதிகமாகத் தோன்றினால் மறுபக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையைத் தள்ளி நிறுத்தலாம்.

எவர்சில்வர் வேறு விஷயம். பளபளக்கும் எஃகுக்குச் சொந்தமாக நிறம் என்று அதிகம் கிடையாது. எதிரே இருப்பதை அப்படியே காட்டும். அதனால் எவர்சில்வருக்கு வெளிச்சம் போடுவது என்றால், அது எதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான். ஆறு டம்ளர் அடுக்கை மேசையில் வைத்துச் செய்து பாருங்கள். முதலில் ஃபிளாஷ் அடித்து எடுங்கள்: ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். அடுத்து, இடப்பக்க ஜன்னலில் டிரேசிங் பேப்பரோ வெள்ளை வேட்டியோ கட்டி, அந்த வெளிச்சத்தில் எடுங்கள்: புள்ளி இருந்த இடத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். இப்போது வலப்பக்கம் ஒரு கருப்பு சார்ட் அட்டையை நிறுத்தி, மெதுவாக அடுக்கை நோக்கித் தள்ளுங்கள். டம்ளரின் வலது ஓரத்தில் ஒரு கருங்கோடு தோன்றி, அட்டை கிட்டே வர வரத் தடிக்கும். வெள்ளைக் கோடும் கருங்கோடும் சேர்ந்து வந்தபிறகுதான் உருளை உருளையாகத் தெரிகிறது. கருப்பு அட்டையை எடுத்துவிட்டு அங்கே தெர்மோகோலை வைத்தால் அடுக்கு தட்டையாகிவிடும். இந்த ஒரு பயிற்சியில் கற்பது எந்த மென்பொருளிலும் கிடைக்காது.

கேமராவும் நீங்களும்கூட டம்ளரில் தெரிவீர்கள். கருப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு கருப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுங்கள்.

அப்புறம், துடைப்பது. கிட்டே போய் எடுக்கும்போது கைரேகை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி என்று வீட்டில் செய்வதையே செய்யுங்கள். நன்றாகக் காய்ந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, அதே துணியால் பிடித்தே அடுக்குங்கள்.

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப் 22 வரைக்கும் சுருக்கினால் எல்லாம் ஒரே படத்தில் கூர்மையாக வந்துவிடாதா?

எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். தூரத்திலிருந்து எடுத்தால் எஃப் 11 அளவிலேயே வந்துவிடும். அப்போது ஸ்டாக்கிங்கே தேவையில்லை; தேவையில்லாத இடத்தில் செய்யவும் வேண்டாம். கிட்டே போகும்போதுதான் சிக்கல்.

கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (படம் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும் வகை), எஃப் 8 அப்பர்ச்சரில், பொருள் சென்சாரில் பத்தில் ஒரு பங்கு அளவில் விழும்போது சுமார் 5 செ.மீ. ஆழம் கூர்மையாகக் கிடைக்கும். பாதி அளவில் விழுமளவுக்கு நெருங்கினால் அந்த ஆழம் 3 மி.மீ.க்கும் கீழே போய்விடும். உள்ளது உள்ளபடி, அதாவது ஒன்றுக்கு ஒன்று என்ற மேக்ரோ அளவில் 1 மி.மீ. கூட இருக்காது. ஒரு தட்டின் மடிந்த விளிம்பே அதைவிடத் தடிமனாக இருக்கும்.

அப்பர்ச்சரைச் சுருக்கினால் ஆழம் கூடும், உண்மைதான். ஆனால் மிகச் சிறிய ஓட்டை வழியாகப் போகும் ஒளி சிதறும். படம் முழுக்கவே ஒரு மென்மை வந்துவிடும். மேக்ரோவில் இது இன்னும் மோசம். ஒன்றுக்கு ஒன்று அளவில் நீங்கள் எஃப் 22 வைத்தால் அது எஃப் 44 போல நடந்துகொள்ளும். எல்லா விளிம்பும் படத்தில் இருக்கும், ஆனால் ஒன்றுகூட உண்மையான கூர்மையில் இருக்காது. எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை வைத்துப் பல படங்கள் எடுத்துச் சேர்ப்பதே நல்லது.

எத்தனை படம் எடுக்க வேண்டும்?

இதற்கு ஒரே எண்ணைச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆழம் எவ்வளவு, ஒரு படத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

பத்து ரூபாய் நாணயங்களை ஒரு தூணாக அடுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. கேமராவை அடுக்கின் மட்டத்துக்கே இறக்கி, நேர் பக்கத்திலிருந்து எடுத்தால் பின்பாதி தெரியவே தெரியாது. உங்களுக்கு மிக அருகில் இருக்கும் விளிம்பிலிருந்து இரண்டு ஓரங்கள் வரை உள்ள ஆழம் விட்டத்தில் பாதி, 13.5 மி.மீ. மட்டும்தான். பாதி அளவு மேக்ரோவில், எஃப் 8 வைத்து, படத்துக்குப் படம் 2 மி.மீ. நகர்த்தினால் ஏழெட்டுப் படம் போதும். முன்னாலும் பின்னாலும் ஒன்றிரண்டு கூடுதலாக எடுத்துவைத்தால் பத்துப் படத்தில் முடிந்தது. அதே அடுக்கை மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் மேல் நாணயத்தின் முகமும் சேர்ந்துகொள்ளும். ஆழம் ஏறும், படங்களின் எண்ணிக்கையும் ஏறும். கேமராவின் உயரத்தை முதலில் முடிவு செய்யச் சொல்வது அதனால்தான்.

பெரிய பிரிண்ட் போடப் போகிறீர்கள் என்றால் நகர்த்தும் தூரத்தை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். அதிகமாக எடுத்தால் இடம்தான் வீணாகும். நடுவில் ஒரு படம் குறைந்தால் அடுக்கின் குறுக்கே மங்கலாக ஒரு பட்டை விழும். அதை எதைக் கொண்டும் ஒட்ட முடியாது.

கேமராவில் என்னென்ன பூட்ட வேண்டும்?

எல்லாவற்றையும். எக்ஸ்போஷர் மேனுவலில், ஒயிட் பேலன்ஸ் ஒரே எண்ணில், ஆட்டோ ஐஎஸ்ஓ அணைத்து, டிரைபாடில் வைத்தபிறகு ஸ்டெபிலைசேஷனையும் அணைத்து. ரிமோட் இல்லையென்றால் இரண்டு வினாடி டைமர் போதும். மேசையில் சாயாதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காகிதமும் துணியும் அதில் அசையும், இறக்கையின் நிழலும் பளபளப்பில் ஓடும்.

எல்இடி விளக்கில் எடுப்பவர்களுக்கு ஒன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் ஏறி இறங்கும். 1/50 அல்லது 1/25 வினாடி வைத்தால் தப்பிக்கலாம்.

ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவதா, கேமராவை ரெயிலில் நகர்த்துவதா?

வீட்டுப் பொருள்களுக்கு வளையமே போதும். ஒன்றுக்கு ஒன்று அளவைத் தாண்டி, நாணயத்தின் ஒரு எழுத்தை மட்டும் நிறைத்து எடுக்கும்போதுதான் ரெயில், அதாவது கேமராவைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டு, தேவைப்படும். ரெயிலில் கேமராவே நகர்வதால் பார்வைக் கோணமும் சேர்ந்து மாறும். முன்விளிம்பு பின்விளிம்பை மறைக்கும் அளவு படத்துக்குப் படம் வேறுபடும். ஒன்றை ஒன்று மறைக்கும் அடுக்குகளுக்கு அது ஆகாது.

இப்போது பல கேமராக்களே இதைத் தாமாகச் செய்கின்றன. 2017-இல் வந்த நிக்கான் டி850, ஃபோகஸை நகர்த்திக்கொண்டே 300 படம் வரை தொடர்ந்து எடுக்கும். சேர்ப்பதை மட்டும் கணினியில் செய்துகொள்ள வேண்டும். ஒலிம்பஸின் சில மாடல்கள் கேமராவுக்குள்ளேயே சேர்த்தும் கொடுத்துவிடும். அந்த வசதி இருந்தாலும் தனித்தனிப் படங்களையும் சேமிக்கும்படி வையுங்கள். திருத்தும்போது அவை இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. வளையத்தைத் திருப்பும்போது பல லென்ஸ்களில் காட்சியின் அளவே லேசாகச் சுருங்கி விரியும். மென்பொருள் அதைச் சரிசெய்யும், ஆனால் ஓரங்களை வெட்டிவிடும். அடுக்கைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு எடுங்கள்.

எந்த மென்பொருள் நல்லது?

ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் படங்களை ஒரே ஃபைலில் லேயர்களாக ஏற்றி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எடிட் மெனுவில் ஆட்டோ அலைன் லேயர்ஸ், பிறகு ஆட்டோ பிளெண்ட் லேயர்ஸ் கொடுத்து ஸ்டாக் இமேஜஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். பத்துப் பதினைந்து படம் வரை நன்றாகவே செய்யும். இதற்கென்றே இருப்பவை ஹெலிகான் ஃபோகஸும் ஸெரீன் ஸ்டாக்கரும். காசு செலவழிக்காமல் செய்ய ஹியூகினும் என்ஃபியூஸும் இருக்கின்றன. என்ஃபியூஸில் எக்ஸ்போஷர், சாச்சுரேஷன் இரண்டின் எடையையும் பூஜ்யமாக்கி, கான்ட்ராஸ்ட் எடையை 1 ஆக்கி, ஹார்ட் மாஸ்கைப் போட்டுவிட வேண்டும்.

எதை எடுத்தாலும் உள்ளே சேர்க்கும் முறை ஒன்றல்ல. பிரமிட் முறை (படத்தை நுண்ணிய விவரம் முதல் பெரிய விவரம் வரை பல அளவுகளாகப் பிரித்துச் சேர்ப்பது) நுண்ணிய கோடுகளையும் ஒன்றை ஒன்று கடக்கும் விளிம்புகளையும் நன்றாகக் காக்கும். ஆனால் நாய்ஸையும் (படத்தில் அங்குமிங்கும் தெறிக்கும் புள்ளிகள்) கான்ட்ராஸ்டையும் கூட்டிவிடும். ஆழ வரைபட முறை (ஒவ்வொரு புள்ளியும் எந்தப் படத்தில் கூர்மை என்று வரைபடம் போட்டு, அங்கிருந்து எடுப்பது) நிறத்தையும் வழவழப்பையும் அப்படியே வைத்திருக்கும். ஆனால் விளிம்பில் தடுமாறும். துணி, பானை போன்றவற்றுக்கு இரண்டாவது. தட்டு, டம்ளர், கம்பி, நார்க் கூடைக்கு முதலாவது. சில அடுக்குகளுக்கு இரண்டிலும் செய்து, ஒன்றின் விளிம்பை மற்றதில் பிரஷ் செய்து எடுப்பதுதான் வழி.

டம்ளர் அடுக்கைச் சேர்த்தால் பரப்பில் திட்டுத் திட்டாக வருகிறதே, ஏன்?

இது எவர்சில்வர் எடுக்கும் எல்லோருக்கும் வரும். டம்ளரின் உடலில் ஜன்னல் கம்பி தெரிகிறது என்று வையுங்கள். அந்தக் கம்பியின் பிம்பம் டம்ளரின் பரப்பில் இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பரப்பிலுள்ள கீறல்கள் ஒரு படத்தில் கூர்மையாகும். பிம்பம் அதற்கு அடுத்த ஒன்றிரண்டு படங்களில் கூர்மையாகும். மென்பொருளுக்குப் பரப்பு எது, பிம்பம் எது என்று தெரியாது. எந்தப் படத்தில் கான்ட்ராஸ்ட் அதிகமோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு இடத்தில் கீறல், பக்கத்திலேயே கம்பி என்று கலந்து திட்டாகிவிடும்.

மருந்து கணினியில் இல்லை, ஜன்னலில் இருக்கிறது. டிரேசிங் பேப்பரோ வேட்டியோ கட்டி, பிம்பத்தில் கூர்மையான எதுவும் இல்லாமல் செய்துவிட்டால் குழப்பம் நின்றுவிடும்.

விளிம்பைச் சுற்றிப் புகைபோல ஒரு வட்டம் வருகிறதே?

முன்விளிம்பு ஃபோகஸில் இல்லாதபோது அது மங்கி, தன் அளவைவிடப் பெரிதாகப் பரவும். பரவிய அந்த மங்கல், பின்னால் இருப்பதை மறைத்துக்கொள்ளும். பின்விளிம்புக்கு ஃபோகஸ் செய்த படத்தில் அந்த இடத்துத் தகவல் மறைந்துபோயிருக்கிறது; முன்விளிம்புக்கு ஃபோகஸ் செய்த படத்திலோ அதே இடம் மங்கலாக இருக்கிறது. எங்குமே இல்லாததை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்? படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இது தீராது. அப்பர்ச்சரை ஒரு படி சுருக்குவது, கேமராவைக் கீழே இறக்குவது, முன்பொருளுக்கும் பின்பொருளுக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பது ஆகிய மூன்றும் உதவும். மிஞ்சியதை மூலப் படத்திலிருந்து பிரஷ் செய்து திருத்துங்கள். ஹெலிகான், ஸெரீன் இரண்டிலும் அதற்கு வசதி இருக்கிறது.

மொபைலில் முடியுமா?

முடியும், பல நேரம் தேவையே இருக்காது. மொபைலின் சென்சார் சின்னது. அதனால் ஆழம் இயல்பாகவே அதிகம். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துக் கிராப் செய்தால் ஒரு புத்தக அடுக்கு முழுக்கக் கூர்மையாக வரும். இன்னும் கிட்டே போக வேண்டுமென்றால் புரோ மோடில் மேனுவல் ஃபோகஸ் ஸ்லைடர் இருக்கிறதா பாருங்கள். மொபைலை ஏதாவது ஒன்றில் இறுக்கி வைத்து, ஸ்லைடரைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்து, கணினியில் சேர்க்கலாம்.

மொபைல்களே ரகசியமாகப் படங்களை அடுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. கூகிள் பிக்ஸலில் 2018-இல் வந்த நைட் சைட், நீங்கள் ஒருமுறை தொட்டால் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. இருட்டில் நீங்கள் எடுத்த நல்ல படம் அநேகமாக ஒரு படம் அல்ல.

ஃபோகஸ் தவிர வேறு எதற்காகப் படங்களை அடுக்குகிறார்கள்?

நாய்ஸைக் குறைக்க. ஒரே காட்சியை அசையாமல் பலமுறை எடுத்துச் சராசரி எடுத்தால், காட்சி அப்படியே இருக்கும், அங்குமிங்கும் தெறிக்கும் நாய்ஸ் ஒன்றை ஒன்று அமுக்கிக்கொள்ளும். குறைவது படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கு: 4 படத்தில் பாதியாகும், 16 படத்தில் கால்வாசியாகும். அதற்கு மேல் 64 படம் எடுத்தால்தான் இன்னும் ஒரு பாதி குறையும் என்பதால் நான் 16-லேயே நிறுத்திக்கொள்வேன். வானியலில் இதுவே உயிர்நாடி. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி வானத்தின் ஒரு சின்னத் துண்டைப் பத்து நாள் பார்த்து எடுத்த 342 படங்களைச் சேர்த்துத்தான், ஹபிள் டீப் ஃபீல்ட் என்று பெயர்பெற்ற படத்தை உருவாக்கினார்கள்.

ஆட்களை நீக்க. காய்கறிச் சந்தையில் தக்காளிப் பெட்டிகளின் அடுக்கை எடுக்க வேண்டும், குறுக்கே ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். டிரைபாடில் வைத்து, இடைவெளி விட்டுப் பல படம் எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் எல்லாவற்றையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி ஸ்டாக் மோடில் மீடியன் கொடுங்கள். ஒரு புள்ளியில் பெரும்பாலான படங்களில் இருப்பது பெட்டிதான் என்றால் பெட்டி நிற்கும், நடந்து போனவர் மறைந்துவிடுவார். ஒருவர் ஒரே இடத்தில் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் மறைய மாட்டார்.

டார்ச் வெளிச்சத்தால் வரைய. எனக்கு இதில் ஆசை அதிகம். அறையை இருட்டாக்கி, புத்தக அடுக்கை ஒரு படத்தில் இடமிருந்து, அடுத்ததில் வலமிருந்து, அடுத்ததில் பின்னாலிருந்து என்று சின்ன டார்ச்சால் ஒளியூட்டி எடுங்கள். பிறகு எல்லா லேயர்களையும் லைட்டன் மோடில் போட்டால் ஒவ்வொரு புள்ளியிலும் மிகப் பிரகாசமானது மட்டும் நிற்கும். ஒவ்வொரு லேயரின் ஒபாசிட்டியையும் (அது எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவு) தனியாக ஏற்றி இறக்கலாம். எடுத்து முடித்தபிறகு உட்கார்ந்து வெளிச்சம் போடுவதற்குச் சமம் இது.

கவிழ்க்காமல் அடுக்கிய பானைகளின் உள்ளிருட்டையும் வெளிவெயிலையும் சேர்த்துக் காட்ட, வெளிச்ச அளவை மாற்றி மூன்று படம் எடுத்துச் சேர்ப்பதும் உண்டு. அளவோடு செய்தால் நன்றாக இருக்கும்.

வெவ்வேறு பொருள்களின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஒரே உருவமாக்குகிறார்களே, அது எப்படி?

வீட்டிலுள்ள டம்ளர்களை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் டேப் ஒட்டி இடம் குறித்து, கேமராவை அசைக்காமல், ஒவ்வொன்றாக அதே இடத்தில் வைத்து எடுங்கள். லேயர்களாக ஏற்றி, அடியில் உள்ளதற்கு 100 சதவீத ஒபாசிட்டி, அடுத்ததற்கு 50, மூன்றாவதற்கு 33, நான்காவதற்கு 25 என்று இறங்குங்கள். இப்படிக் கொடுத்தால்தான் எல்லாப் படங்களுக்கும் சம பங்கு கிடைக்கும். எல்லாவற்றுக்கும் 50 கொடுத்தால் மேலே இருப்பவை மட்டுமே தெரியும். லேயர்கள் அதிகமானால் ஃபைலை 16 பிட்டில் வையுங்கள், இல்லையென்றால் நிறம் படிப்படியாகப் பிளக்கும். முடிவில் என்ன தெரியும் என்றால், எல்லா டம்ளரும் மேசையில் உட்கார்ந்த இடமான அடிப்பகுதி திடமாக நிற்கும்; உயரம் ஆளுக்கு ஒன்றாக இருப்பதால் வாய்ப்பகுதி நடுங்கிக் கரையும். அந்த வீட்டு டம்ளர்களின் பொதுவான உருவம் அது.

இதைக் கலையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் பல பத்தாண்டுகளாக நீர்த்தொட்டிகளையும் எரிவாயுக் கொள்கலன்களையும் ஒரே மாதிரி எடுத்துக் கட்டம் கட்டமாக வைத்துக் காட்டினார்கள். பிரிட்டிஷ் கலைஞர் இத்ரிஸ் கான் 2004-இல் அந்தக் கொள்கலன் படங்களையே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கரிக்கோட்டு ஓவியம் போன்ற உருவங்களை உருவாக்கினார். கோரின் வியோனே, சுற்றுலாப் பயணிகள் இணையத்தில் போட்ட படங்களைச் சேர்த்துத் தாஜ்மகால் போன்ற இடங்களுக்குச் செய்தார். பெப் வெண்டோசா மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே எடுத்துச் சேர்க்கிறார். நாற்காலி அடுக்குக்கு அதே முறை அழகாகப் பொருந்தும்.

இதன் தொடக்கம் அவ்வளவு நல்லதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1870-களின் இறுதியில் குற்றவாளிகளின் முகங்களை ஒரே தகட்டில் சேர்த்துப் பதித்து, குற்றவாளிக்கென்று ஒரு முகம் கிடைக்குமா என்று பார்த்தார். கிடைக்கவில்லை. சேர்த்த முகம் தனித்தனி முகங்களைவிட அழகாக இருந்தது. அவரே பின்னால், 1883-இல், யூஜெனிக்ஸ் (தேர்ந்த இனப்பெருக்கத்தால் மனித இனத்தை 'மேம்படுத்தலாம்' என்ற கொள்கை) என்ற சொல்லைப் படைத்தவர். பாத்திரங்களுக்குச் சராசரி எடுங்கள். மனிதர்களுக்குச் சராசரி முகம் எடுத்து 'இவர்கள் இப்படித்தான்' என்று சொல்ல இந்த உத்தியைப் பயன்படுத்தாதீர்கள்.

பல படங்களைச் சேர்ப்பது ஏமாற்று வேலை இல்லையா? போட்டிக்கு அனுப்பலாமா?

இந்தச் சண்டை புகைப்படக்கலை தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கிறது. 1857-இல் புகைப்படக் கலைஞர் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே பெரிய படத்தை உருவாக்கி மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தபோது கடுமையாகத் திட்டியவர்களும் உண்டு. விக்டோரியா ராணி அதில் ஒரு பிரதியை வாங்கவும் செய்தார்.

என் நிலை இது: ஃபோகஸையும் நாய்ஸையும் சரிசெய்யச் சேர்ப்பது, அங்கே இருந்ததை முழுமையாகக் காட்டுவதுதான். ஆட்களை நீக்குவதும், டம்ளர்களைக் கலப்பதும் வேறு. படத்துக்குக் கீழே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். செய்திப் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. போட்டிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. அனுப்பும் முன் படித்துப் பாருங்கள். மூலப் படங்களைக் கேட்பார்கள், அழிக்காமல் வையுங்கள்.

கண்ணாடி வளையலை எப்படித்தான் எடுப்பது?

பின்னாலிருந்து வெளிச்சம். வளையல்களைக் குச்சியில் கோர்த்தோ, படுக்க வைத்து அடுக்கியோ, பின்னால் வெள்ளைத் திரை கட்டி அதை ஒளியூட்டுங்கள். கண்ணாடியின் நடுப்பகுதி நிறத்தோடு ஒளிரும், விளிம்புகள் கருங்கோடாகும். வளையலின் முன்வளைவு வழியாகவே பின்வளைவும் தெரிவதால் ஆழ வரைபட முறை முழுக்கக் குழம்பிவிடும்; பிரமிட் முறையில் மட்டும் செய்யுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் பின்வளைவுகளை மங்கலாகவே விட்டு, முன்வளைவுகள் வரைக்குமான படங்களை மட்டும் சேருங்கள். பெரும்பாலும் அதுதான் பார்க்க நன்றாகவும் இருக்கிறது.

எவ்வளவு பெரிதாகப் பிரிண்ட் போடலாம்?

6000 x 4000 பிக்ஸல் படம் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20 அங்குல அகலத்துக்கு. நன்றாகச் சேர்த்த அடுக்கு அதற்கு மேலும் தாங்கும்.

நூற்றுக்கணக்கில் படங்கள் சேர்ந்துவிடுகின்றன, எது எந்த அடுக்கு என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

ஒவ்வொரு வரிசை தொடங்கும் முன்பும் லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டி ஒரு படம், முடிந்ததும் புறங்கையைக் காட்டி ஒரு படம் எடுங்கள். கணினியில் சிறு படங்களாகப் பார்க்கும்போது கைக்கும் கைக்கும் இடையில் இருப்பது ஒரு அடுக்கு என்று உடனே தெரிந்துவிடும். அன்றைக்கே ஒவ்வொன்றையும் தனி ஃபோல்டரில் போட்டு, பொருளின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு) ஒன்றுக்கு 30 எம்பி என்றால் பத்துப் படம் 300 எம்பி. சேர்த்த படத்தைப் பிரிண்ட் போட்டுப் பார்க்கும் வரை மூலப் படங்களை அழிக்க வேண்டாம். விளிம்புக் கோளாறுகள் பல காகிதத்தில்தான் கண்ணில் படும்.